டிராஃப்ட் குறி வைப்பதற்கு முன் பேஸ்லைனைப் பிடியுங்கள்

மும்பையின் டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கப்பல் தளத்துக்கு வேலைக்குப் போகும் தாராவி, சயான் கோலிவாடாப் பிள்ளைகள் பலருக்கு முதலில் கையில் கொடுக்கப்படுவது டேப்பும் சாக்பீஸும்தான். அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

டிராஃப்ட் என்பது கீல் தகட்டின், அதாவது கப்பலின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் தகட்டின், அடிப்பரப்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரம்; அதைக் காட்டக் கப்பலின் உடலில் பதிக்கும் எண்களே டிராஃப்ட் குறிகள். வரைபடத்தில் உயரங்களை அளக்கத் தொடங்கும் கோடான பேஸ்லைனோ பெரும்பாலும் அந்தத் தகட்டின் மேற்பரப்பில் ஓடும். தகடு 18 மி.மீ. தடிமன் என்றால், 5.20 மீட்டர் குறியின் அடி, பேஸ்லைனுக்கு மேல் 5182 மி.மீ. உயரத்தில் விழ வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கழிவை மறந்து ஒரு பக்கம் முழுவதும் குறித்துவிட்டேன். பற்றவைத்த எண்களை எல்லாம் கிரைண்டரால் தேய்த்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

சரிவான தளத்தில் கட்டும் கப்பலில் இன்னும் கவனம் தேவை. அங்கே பேஸ்லைனும் தளத்தோடு சாய்ந்திருப்பதால், தூக்குக்குண்டும் டியூப் மட்டமும் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பூமிக்கு நேராகக் காட்டுமே தவிர, கப்பலுக்கு நேராகக் காட்டமாட்டா. சரிவு 20-க்கு 1 என்றால், டியூப் மட்டத்தால் ஓர் உயரத்தை 10 மீட்டர் முன்னே கொண்டுபோகும்போது அரை மீட்டர் பிசகிவிடும். ஆகவே கப்பல் பக்கவாட்டில் சாயாமல் நிற்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரே ஃபிரேமில் (கப்பலின் குறுக்கு விலாச் சட்டம்) இடமிருந்து வலம் கடத்துவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கு அளவுகளுக்கு, கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியே மேல். கீல் நடுக்கோட்டில் இரண்டு புள்ளிகளும் பக்கவாட்டில் ஒன்றும் கொடுத்து, கருவியைக் கப்பலின் அச்சுக்குத் திருப்பிவிட்ட பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

அளவெடுப்பதை விடிகாலையில் முடித்துவிடுவது நல்லது. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும், 100 மீட்டர் உடலில் 10 டிகிரி ஏறினால் 12 மி.மீ. போய்விடும். மேல்தளம் வெயிலில் காய்ந்து கீல் நிழலிலேயே கிடந்தால், உடல் வில்லாகவும் வளையும். பற்றவைப்பு இழுப்பும் இருப்பதால், பிளாக்குகளை (தனித்தனியாகக் கட்டிய உடல் பகுதிகளை) ஒன்றுசேர்க்கும் முன் பஞ்ச் அடித்த குறிப்புக் கோடுகளை, சேர்த்து முடித்த பின் மறுபடி சரிபாருங்கள்.

மெட்ரிக் எண்கள் 10 செ.மீ. உயரமும், 20 செ.மீ.க்கு ஒன்று என்ற இடைவெளியும் கொண்டவை. எண்ணின் அடிவிளிம்பே அளவு. முகப்பில் தகடு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், 200 மி.மீ. உயரத்துக்குத் தகட்டின் மேல் 231 மி.மீ. வரும். டேப்பைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்து 200 என்று குறிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

முன், நடு, பின் என இரு பக்கமும் ஆறு இடங்களிலும் சென்டர் பஞ்ச் அடித்ததும், வேறொருவரை வேறொரு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். கிளாஸ் சர்வேயர் (கப்பலுக்குத் தரச்சான்று தரும் அமைப்பின் ஆய்வாளர்) பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வெல்டரைக் கூப்பிடுங்கள்.