திருப்பூருக்கு முதன்முறை வரும் பையருக்கு என்னென்ன சொல்லி வைக்க வேண்டும்?

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்து பையரோடு (துணி வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு) பேசுகிறவராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் "அடுத்த வாரம் ஜெர்மனியிலிருந்து பையர் வருகிறார், நீயே பார்த்துக்கொள்" என்று முதலாளி சொல்லிவிடுவார். சாம்பிளை அடுக்குவதும் ரூம் போடுவதும் யாரைக் கேட்டாலும் சொல்லித் தருவார்கள். நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று வருகிறவருக்கு முன்பே சொல்லி வைக்கத்தான் ஆள் இல்லை. நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. ஒரு வாரம் முன்பே மெயில்

யார் யாரைச் சந்திக்கப்போகிறார், ஒவ்வொருவரையும் எப்படிக் கூப்பிடுவது என்று எழுதி அனுப்புங்கள். அவர்கள் ஊரில் கடைசியில் வருவது குடும்பப் பெயர். நம் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். என்னை ஒருவர் இரண்டு நாள் முழுக்க, மிஸ்டர் போட்டு, என் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். அப்பாவோ அந்த நேரம் காங்கேயம் பக்கம் மாடு கறந்துகொண்டிருந்திருப்பார்.

அதே மெயிலில் தேதிகளையும் பேசிவிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், தையல் ஓடாது. செவ்வாய் 3 மணி முதல் 4.30 வரை ராகு காலம், அப்போது முதலாளி கையெழுத்துப் போடமாட்டார் என்றால் அதையும் நேராகவே எழுதலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 5/6 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. லட்சம் என்ற சொல்லே வேண்டாம், 10 லட்சத்தை ஒரு மில்லியன் என்றே போடுங்கள்.

2. "ஆயிடும் சார்"

எனக்குத் தெரிந்து சண்டை வருவதெல்லாம் இங்கேதான். ஒரு பையர் டையிங் (சாயம் போடும் பிரிவு) பொறுப்பாளரிடம், இந்த ஷேடு, அதாவது இந்த நிறத்தில் துணி, வெள்ளிக்கிழமைக்குள் வருமா என்று கேட்டார். இவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி "ஆயிடும் சார்" என்றார். இவர் சொன்னதன் அர்த்தம், கேட்டது புரிந்தது, பாய்லர் மக்கர் பண்ணாமல் இருந்தால் வரும், வந்திருக்கிறவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று எப்படிச் சொல்வது என்பதெல்லாம் சேர்ந்தது. பையர் குறித்துக்கொண்டது: வெள்ளி, உறுதி. அந்த வெள்ளிக்கிழமை லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு) மட்டும்தான் கையில் இருந்தது. பொய் சொன்னதாக அவருக்குக் கோபம், மரியாதையாகத்தானே பேசினோம் என்று இவருக்கு வருத்தம்.

அதனால் பையரிடம் காரிலேயே சொல்லிவிடுங்கள்: முடியுமா என்று கேட்காதீர்கள், எந்தத் தேதி, எத்தனை பீஸ், இதற்கு முன் எந்த வேலை முடிய வேண்டும் என்று கேளுங்கள். "பார்க்கலாம்", "ட்ரை பண்றோம்" என்று வந்தால் அது பெரும்பாலும் இல்லை என்பதுதான். அப்புறம், எல்லோர் முன்பும் முதலாளியை மடக்கிக் கேட்க வேண்டாம், தனியாகக் கேட்டால் உண்மை வரும்.

3. சாப்பாடு

என்ன சாப்பிடமாட்டார், எது ஒத்துக்கொள்ளாது என்று முன்பே கேளுங்கள். முதலாளி வீட்டில் இலை போட்டால், வாசலில் ஷூவைக் கழற்றுவது, வலது கையால் சாப்பிடுவது, போதும் என்றால் கையை இலைக்கு மேலே நீட்டி மறைப்பது, இவ்வளவு தெரிந்தால் போதும். வாயால் மட்டும் போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். ஸ்பூன் கேட்டால் தப்பில்லை. பெண்களிடம் அவர்களாகக் கை நீட்டினால் குலுக்கலாம், இல்லையென்றால் வணக்கம். கல்யாணம் ஆயிற்றா, எத்தனை குழந்தைகள் என்ற கேள்விகள் வரும், அது பாசம் என்று சொல்லி வையுங்கள். சம்பளத்தை மட்டும் கேட்காமல் நம் ஆட்களை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

4. வழியனுப்பும்போது

கோவை ஏர்போர்ட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம். அவர் உள்ளே போவதற்குள், பேசிய தேதி, பீஸ் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் எல்லாம் அவருக்கு மெயிலில் போயிருக்க வேண்டும், முதலாளிக்கும் டையிங்குக்கும் சிசி போட்டு.