ஷாக் வைத்த பிறகு துடிப்பு மறுபடி தாறுமாறானால்

"அதான் ஷாக் வைத்துச் சரி பண்ணிட்டாங்களே, இன்னும் எதுக்கு மாத்திரை?" எங்கள் பாலக்கோடு பக்கம் அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதுதான். அப்பாவுக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. இதில் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வைக்கும் மின்சார ஷாக் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும். அது தவறியதற்கான காரணத்தை எடுத்துவிடாது. ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது. அதனால் பயப்படாமல், கவனமாக இருங்கள்.

தினமும் காலையில் நாடி பாருங்கள். அப்பாவைக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுவேன். எண்ணிக்கையை விட இடைவெளிதான் முக்கியம். எப்போதாவது ஒரு துடிப்பு தவறினால் பரவாயில்லை. இரண்டு ஒட்டி வந்து, அடுத்தது தள்ளிப்போய், அதற்கடுத்தது விரலில் பட்டும் படாமலும் என்று நிமிடம் முழுக்க ஒழுங்கே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

அப்போதே போய் ஈசிஜி எடுங்கள். சாயங்காலம் போகலாம் என்று விட்டால் அதற்குள் துடிப்பு தானாகச் சரியாகி, டாக்டரிடம் காட்ட ஒன்றும் இல்லாமல் போகலாம். அந்தத் தாள் நாளாக நாளாக மங்கும். உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஈசிஜி நன்றாக இருந்தாலும் இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்கச் சில வாரம் ஆகும்; அதுவரை உள்ளே ரத்தம் கட்டலாம். அதனால் குறைந்தது 4 வாரம் கட்டாயம். அதற்குப் பிறகும் வேண்டுமா என்பதை வயது, பிபி, சர்க்கரை பார்த்து டாக்டர் சொல்வார். அந்த மாத்திரை வார்ஃபரின் என்றால் களிக்குக் கீரை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை மட்டும் வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம்.

குடி, அடங்காத பிபி, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை ஆகியவையும் இதைத் திரும்ப வரவழைக்கும்.

வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், மயக்கம், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் என்றால் ஈசிஜிக்கு அலையாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது துடிப்பு மாறிய நேரத்தோடு, கடந்த 3 வாரத்தில் விட்டுப்போன மாத்திரைகளையும் எழுதிக் கொடுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். நடுவில் விட்டிருந்தால், உள்ளே ரத்தக்கட்டி இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஷாக் வைக்க முடியும்.