பரீட்சை காலையில் வயிறு கலக்குகிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பிளஸ் டூ தேர்வு 10 மணிக்கு. கிளம்பும் நேரத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கும். இரண்டு முறை போய்வந்த பிறகும் இன்னொரு முறை வரும்போல இருக்கும். பயம் வந்தால் இரைப்பை மந்தமாகிவிடும், பெருங்குடலோ வேகமெடுக்கும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவது அதனால்தான்.

நிறைய பேர் செய்யும் தவறு, கிளம்புகிற அவசரத்தில் சாப்பிடுவது. உணவு இரைப்பைக்குள் இறங்கினாலே பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை வேளையில் அந்த அசைவு இன்னும் பலமாக இருக்கும். 8.30க்குச் சாப்பிட்டால் பஸ்ஸில் போகும்போதே வயிற்றை முடுக்கும். 6 மணிக்கு எழுந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், 7 மணிக்குள் இரண்டு மூன்று இட்லி என்று வைத்துக்கொண்டால், வீட்டிலேயே நிதானமாகப் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். ஆனால் தேர்வன்று திடீரென்று இப்படி மாற்றினால் உடம்பு ஒத்துழைக்காது. ஒரு வாரம் முன்பே பழக்குங்கள்.

பயந்துகொண்டு வெறும் வயிற்றோடு போவதும் தப்பு. முந்தின இரவு 8.30க்குச் சாப்பிட்டவர் தேர்வு முடியும் 1.15 வரை கிட்டத்தட்ட 17 மணி நேரம் பட்டினி. குமட்டலும் தலைசுற்றலும் கூடத்தான் செய்யும்.

முந்தின இரவு புரோட்டா, பிரியாணி, சுண்டல் வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் 'தெம்புக்கு' என்று சத்துமாவுப் பால் கொடுத்தால் உப்புசம்தான் மிச்சம். காபி பெருங்குடலைத் தூண்டும். தினமும் குடிப்பவர் அடியோடு நிறுத்தினால் தலைவலி வரலாம். இட்லியோடு அரை டம்ளர் போதும், கிளம்பும்போது இன்னொன்று வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில்தான் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பான்டோபிரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை' அமிலத்தைக் குறைக்கும். பயத்தால் வரும் பேதியை நிறுத்தாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் கிருமித்தொற்றுக்கானது. இங்கே கிருமியே இல்லை. அந்த மாத்திரையாலேயே வயிறு போகலாம். பேதியை நிறுத்தப் போடும் லோபரமைடு மாத்திரை குடலின் வேகத்தைக் குறைக்கும்தான். ஆனால் காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருக்கும்போது அதைப் போடக் கூடாது; மலச்சிக்கலும் வயிற்றுப் பிடிப்பும் வரலாம். தேவைப்படும் என்று தோன்றினால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, மாதிரித் தேர்வு நாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தேர்வன்று புது மாத்திரை எதுவும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒன்று: "போனியா, போனியா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். பிள்ளையின் கவனமெல்லாம் வயிற்றிலேயே நிற்கும்.

தேர்வறை வாசலில் வயிறு இழுத்தால் கடைசி நேரத்தில் நோட்டைப் புரட்ட வேண்டாம். வயிறு உப்பும்படி 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் செய்தால் பிடிப்பு தளரும்.

தேர்வுகள் முடிந்த பிறகும் இது நீடித்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வயிறு போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, அதைப் பயத்தின் கணக்கில் எழுதாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.