ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே தோணி சுமப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள அல்கோன்குயின் பூங்கா வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு, ஆகஸ்டில் தோணிப் பயணம் புறப்படவிருக்கும் என் அக்கா மகனும் அவன் நண்பர்களும் சென்ற வாரம் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிறு ஏரிகளுக்கு நடுவே அடிக்கோலை வைத்து, "அம்மான், நானூறு மீட்டர்தான், குறுக்கே போயிரலாம்" என்றான். ஒன்டாரியோவில் வேலை பார்த்த ஆண்டுகளில் அதே சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் ஏரியில் கரையேறி, தோணியைக் கவிழ்த்து, அதன் நடுக்கட்டையில் குடைந்திருக்கும் நுகத்தைத் தோளில் ஏற்றி, அடுத்த ஏரிவரை நடக்கும் தரைவழியை அங்கே போர்ட்டேஜ் என்பார்கள். நான் சுமைவழி என்று சொல்கிறேன். உயிர்காப்பு அங்கியை மறப்பது, துணிகளை நனைய விடுவது போன்றவற்றை யாரும் எச்சரிப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேர்கோட்டை எளிய வழி என்று நம்புவது

கார்த்திகையில் கண்மாய்கள் பெருகிக் கலுங்கில் தண்ணீர் விழும்போது, ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குப் போக எங்கள் பக்கத்தில் எவரும் மடைக்குக் கீழே இறங்கி வயலில் குறுக்கே நடப்பதில்லை. கரைமேல் ஏறிச் சுற்றியே போவார்கள். இதைக் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைகள்கூட வரைபடத்தைக் கையில் எடுத்தவுடன் அதை மறந்துவிடுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

அல்கோன்குயின், பனியாறுகள் சுரண்டிச் சென்ற பாறை நிலம். ஆழமான பள்ளங்கள் ஏரிகளாயின. ஆழம் குறைந்தவை பாசியும் மட்கிய சேறும் நிறைந்து தூர்ந்தன. இரண்டு ஏரிகள் மிக நெருங்கி வரும் இடம் பல நேரங்களில் அப்படித் தூர்ந்த பள்ளமாகவே இருக்கும்.

நானும் ஒரு நண்பரும் அப்படியோர் இடத்தில், குறிக்கப்பட்ட 1,150 மீட்டர் பாதையை விட்டு, 400 மீட்டர் இடைவெளிக்குள் இறங்கினோம். முதல் நூறு அடிவரை தரை மெத்தைபோல் அமுங்கிக் கொடுத்தது. அதன்பின் தொடைவரை உள்வாங்கியது. கால் வெளியே வந்தது, காலணி வரவில்லை. அதைத் தாண்டியதும் ஆல்டர் புதர் கைகோத்து நின்றது. ஐந்து மீட்டர் நீளத் தோணியைத் தலைமேல் வைத்துக்கொண்டு அதற்குள் திரும்ப இடமில்லாமல், இழுத்துக்கொண்டு போனோம். ஒடிந்த கிளையின் கூர் தோணியின் பக்கத்தை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்தது. மூன்றரை மணி நேரம் கழித்து, நண்பர் கணுக்கால் சுளுக்கி நொண்டிக்கொண்டு வர, இருட்டும் வேளையில் அடுத்த கரையை அடைந்தோம். கிழிந்த வாடகைத் தோணிக்கு நான் கட்டிய பணம் அந்தப் பயணத்தின் மற்றச் செலவுகள் எல்லாவற்றையும்விட அதிகம்.

எளிய வழி வேண்டுமானால் தூரத்தை அளப்பதற்கு முன் தரையைப் படிக்க வேண்டும். வரைபடத்தில் சதுப்புக் குறி எங்கே இருக்கிறது, சம உயரக் கோடுகள் எங்கே அகன்று கிடக்கின்றன என்று பார்த்து, இரண்டையும் மனத்தில் கொண்டு மேட்டின் தோளோடு செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருந்தால், நடுவில் 8 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தாலும் வரைபடம் அதைக் காட்டாமல் போகலாம்; ஆகவே கோடில்லாத இடமெல்லாம் சமதரை அல்ல. கரையை நெருங்கியதும் மரங்களைப் பாருங்கள். கறுப்பு ஸ்ப்ரூஸும் டாமராக்கும் நெருங்கி நின்றால் கீழே பெரும்பாலும் ஈரம். சர்க்கரை மேப்பிள் நின்றால் பெரும்பாலும் கால் ஊன்றலாம். சுமைவழிகளில் பல, சாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்நிலத்தின் பழங்குடிகளான அனிஷினாபே மக்கள் நடந்து பதித்தவை. அவை வளைகின்ற இடத்தில் வளைவதற்குக் காரணம் உண்டு.

விலங்கின் தடத்தைப் பாதை என்று எண்ணுவது

மூஸ் என்னும் பெரிய மான் நடந்த தடம், நம் ஊர் ஒற்றையடிப் பாதையைப் போலவே தெளிவாகத் தெரியும். ஆனால் அது தண்ணீர்த் தாவரம் தேடிச் சதுப்புக்குப் போகிறது. மனிதர் போட்ட வழியில் ரம்பத்தால் அறுத்த மரத்துண்டுகளும், கரையில் தோணி உராய்ந்து வழுவழுத்த கல்லும் இருக்கும். அல்கோன்குயினில் மஞ்சள் பலகை ஒன்று மீட்டர் கணக்கையும் சொல்லும். அமெரிக்காவில் மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் காட்டில் அந்தப் பலகையை எதிர்பார்க்காதீர்கள்.

திசைகாட்டியை இங்கே பார்த்தபடி அங்கே பார்ப்பது

காரைக்குடியில் முள் காட்டும் வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் வேறுபாடு மிகச் சிறிது. அல்கோன்குயினிலோ முள் 10 டிகிரிக்கும் மேலாக மேற்கே சாய்ந்து நிற்கிறது. வரைபடத்தில் எடுத்த கோணத்தைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடப்பவர் 170 மீட்டருக்கு மேல் இடப்பக்கம் விலகிப் போயிருப்பார்.

இரண்டு நடையை இரட்டைத் தூரம் என்று கணக்கிடுவது

தோணியையும் பைகளையும் இரண்டு நடையாகச் சுமந்தால், ஒரு சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மறு சுமையோடு மறுபடியும் போக வேண்டும். 800 மீட்டர் வழி 2,400 மீட்டராகும்.

தோணியோடு பாதை தேடுவது

கூடவே கூடாது. முதலில் பையுடன் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இளைப்பாறாமல் தூக்குவது

நம் சாலையோரங்களில் இன்றும் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் போல, நீண்ட சுமைவழிகள் சிலவற்றில் மரங்களுக்கிடையே குறுக்குக் கம்பு கட்டியிருப்பார்கள். தோணியின் முனையை அதில் சாய்த்துவிட்டு அடியிலிருந்து வெளியே வந்துவிடலாம். கம்பு இல்லாத இடத்தில் தலைக்குமேல் உயரத்தில் கவட்டை உள்ள மரத்தைத் தேடுங்கள். தோணியைத் தரையில் இறக்கினால், அதைத் திரும்பத் தோளுக்கு ஏற்றுவதில்தான் முதுகு பிடிக்கும்.

ஓடையின் தலைப்பில் வந்து நின்று தேடுவது

இரண்டு ஏரிகளை ஓடை இணைத்தால் சுமைவழி பெரும்பாலும் அதன் ஒரு பக்கமாகவே போகும். கரையேறும் இடம் நீர் வேகம் பிடிப்பதற்கு முன்பே இருக்கும் என்பதால், பாயும் நீரின் ஓசை காதில் விழுந்தவுடன் கரையோரமாக ஒதுங்கித் தேடத் தொடங்குங்கள்.