நாரிவலியும் சிறுநீரகமும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயல் வேலை முடிந்து நாரி பிடித்துக்கொண்டதும் சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு என்று அஞ்சுகிறவர்களும், பல ஆண்டுகளாகச் சீனி வருத்தம் இருந்தும் வலி எதுவும் இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்களும் மட்டக்களப்பில் ஒரே வீட்டிலேயே இருக்கக்கூடும். இவர்களுள் ஆபத்து அதிகம் இரண்டாமவருக்கே. நாட்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. கல் அடைத்தாலோ கிருமித்தொற்று ஏற்பட்டாலோதான் வலி வருவது வழமை.

சிறுநீர் நுரைத்து, அந்த நுரை நீண்ட நேரம் கலையாமல் நின்றால், அதை உடற்சூடு என்று கருதி இளநீரோடு விட்டுவிடக் கூடாது. அது புரதம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். காலையில் இமைகள் வீங்குவது, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுவது, இரவில் வழமையை விடப் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவற்றையும் வயதின் மேல் பழி போட்டுக் கடந்துவிடுகிறோம். பசியின்மை, அரிப்பு, ஓயாத களைப்பு ஆகியவை தோன்றும்போதோ நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

தசைகளிலிருந்து குருதியில் சேரும் கழிவுப்பொருளான கிரியேட்டினினை அளந்து, ‘கிரியேட்டினின் நோர்மல்’ என்று வரும் ஒரேயொரு அறிக்கையை நம்பி ஆறுதலடைவது, படித்தவர்களும் செய்யும் தவறு. சிறுநீரகத்தின் செயற்பாடு ஏறத்தாழப் பாதியளவு குறைந்த பின்னரும் அந்த அளவு இயல்பான எல்லைக்குள் இருக்கக்கூடும். தசை குறைந்த மெலிந்த முதியவர்களில் அது மேலும் ஏமாற்றும். எனவே அதோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணிக்கப்படும் வடிகட்டல் வீதத்தை, அதாவது சிறுநீரகம் குருதியை வடிகட்டும் வேகத்தை (eGFR), கேட்டறிய வேண்டும். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் குறைவாக இருந்தால் நாட்பட்ட நோய் என்று கொள்ளப்படும். ஆனால் வீதம் நன்றாக இருக்கும்போதே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கலாம் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு பரிசோதனைகளையும் செய்விக்க வேண்டும். உயர் குருதியமுக்கம் உள்ளவர்களும் இவற்றை வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்வது அவசியம்.

காரணம் உறுதியாக அறியப்படாத சிறுநீரக நோயை அனுராதபுரத்து விவசாயிகளின் நோய் என்று ஒதுக்கவும் முடியாது; அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பகுதியிலும் அது காணப்படுகிறது. அந்நோயின் தொடக்கத்தில் புரதக் கசிவு மிகக் குறைவு என்பதால், நுரை இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நெடுங்காலம் வெயிலில் உழைக்கும் விவசாயிக்குக் குருதிப் பரிசோதனையும் தேவை.

எனக்கு மிகவும் கவலை தருவது உடல்நோவுக்காக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் மாத்திரைகளே. அறுவடைக் காலத்தில், உடலில் நீர்ச்சத்துக் குறைந்திருக்கும் வேளையில், இவை சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைத்துவிடும். அதேபோல், சீனியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் வெறுவயிற்றில் காமரங்காய் அல்லது பிலிம்பிக்காய்ச் சாற்றை நிறையக் குடித்து, அவற்றிலுள்ள ஒக்சலேற் என்ற உப்பால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. கிளினிக்குக்குச் செல்லும்போது, அங்கே தரும் மருந்துகளோடு வெளியில் வாங்கி உண்ணும் மாத்திரைகளையும், குடிக்கும் சாறுகளையும் கசாயங்களையும் ஒன்றுவிடாமல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.