பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சைக்கிள் பயணமா? கிலோமீட்டரை நம்பாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சர்வசாதாரணமாக நூறு கிலோமீட்டர் மிதிப்பவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் எழுபதிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கோவைக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரம் வரையிலும், கிழக்கே உடுமலை, பழனி வரையிலும் விரியும் இந்த நிலத்தை மலை என்றும் சொல்ல முடியாது, சமவெளி என்றும் சொல்ல முடியாது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாலை மெல்ல ஏறும், ஓடைப் பாலத்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். காரில் போகிறவருக்கு இது உறைக்காது. சைக்கிள்காரரின் தொடைக்கு ஒவ்வொரு மேடும் தெரியும். இங்கே பயணத்தைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போதே நடந்துவிடுகின்றன.

அவற்றில் முதன்மையானது சராசரி வேகக் கணக்கு. ஏற்றத்தில் இழந்ததை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகும். அதே பத்து கிலோமீட்டரை 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் இருபது நிமிடம். இருபது கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம். சராசரி 15 தான், 20 அல்ல. இறக்கத்தில் எவ்வளவு பறந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு பன்மடங்கு ஏறுவதால், ஏறும்போது செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது.

தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் மட்டும் பார்ப்பது இதன் தம்பி. கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பொள்ளாச்சி சுமார் 290 மீட்டரில். 'அப்படியானால் போகும்போது இறக்கம்தானே' என்று கிளம்புகிறவர்கள் கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் முகம் மாறிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, வழியில் வரும் மேடுகளை எல்லாம் கூட்டிய மொத்த ஏற்றத்தை. பாதை வரையும் செயலிகள் பலவும் அதைக் காட்டுகின்றன, பார்ப்பவர்கள்தாம் குறைவு.

செயலி இல்லாமலும் ஓரளவு கணிக்கலாம். தெற்கே மலையிலிருந்து நிறைய ஓடைகள் இறங்குகின்றன. மலைக்கு இணையாகக் கிழக்கு மேற்காகப் போகும் கிராமச் சாலை அவற்றை ஒவ்வொன்றாகக் கடந்தாக வேண்டும். வரைபடத்தில் சாலையை வெட்டும் நீல நிறக் கோடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அத்தனை முறை இறங்கி ஏறப்போகிறீர்கள். மலையை நோக்கிப் போகும் சாலைகளில் ஏற்றம் இருந்தாலும் பெரும்பாலும் அது ஒரே சீராக இருக்கும்; கால் ஒரு தாளத்துக்குப் பழகிவிடும். இன்னும் சுகம் வேண்டுமானால் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்களைத் தேடுங்கள். தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வெட்டிய வாய்க்கால்கள் அவை. அவற்றின் கரையிலே போகும் பாதையில் ஏற்றம் அனேகமாக இருக்காது. ஆனால் எல்லாக் கரையும் சைக்கிள் போகிற கரை அல்ல. தார் எங்கே முடியும், மண் எங்கே தொடங்கும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். மழை பெய்த மறுநாள் கரிசல் மண் பாதையில் இறங்கவே இறங்காதீர்கள். நூறு அடிக்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும்; பிறகு குச்சியால் சுரண்ட வேண்டியதுதான்.

அடுத்தது காற்று. வெளியூர்க்காரர்கள் அதிகமாக ஏமாறுவது இதில்தான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பழமொழியும் இல்லை.

காலையில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். 'இன்று உடம்பு நல்ல வாகில் இருக்கிறது' என்று உற்சாகத்தில் பழனி வரை நீட்டிவிடத் தோன்றும். திரும்பும்போதுதான் உண்மை தெரியும். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீச, நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உங்கள் நெஞ்சில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. அந்த மாதங்களில் காற்றோடு கிளம்பி ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் வேண்டாம். ஒன்று, மேற்கிலிருந்து கிழக்கே ஒருவழியாகப் போங்கள். அல்லது காற்று தணிந்திருக்கும் விடிகாலையில் மேற்கு நோக்கி மிதித்து, வெயில் ஏறிய பிறகு காற்றோடு திரும்புங்கள். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான் பிடிக்கும். பழனியிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் பாதை இருக்கிறது. சைக்கிளை ரயிலில் ஏற்றும் எண்ணம் இருந்தால், எந்த வண்டியில் ஏற்றலாம் என்று பார்சல் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

காற்றும் வெயிலும் ஒத்துழைப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அதிலும் ஒரு சிக்கல்: தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பழனிச் சாலைகள் பாதயாத்திரை பக்தர்களால் நிறைந்துவிடும், இரவிலும் விடிகாலையிலும் கூடுதலாக. தண்ணீருக்கும் அன்னதானத்துக்கும் குறைவிருக்காது. வேகத்தைத்தான் மறந்துவிட வேண்டும்.

இனி டயர். சாலையோரத்தில் ஒதுங்கி நின்று தென்னையைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பினால், பத்தாவது நிமிடத்தில் பின்சக்கரம் தொய்யும். நெருஞ்சி முள்தான் காரணம். டியூபை மாற்றிக் காற்றடித்து, இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி பஞ்சர் ஆனால் பலர் டியூபைத் திட்டுகிறார்கள். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே இருக்கிறது, அவ்வளவுதான். டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டிவைப்பது நல்ல பழக்கம். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும். விரலைவிட்டுத் துழாவாதீர்கள், பழைய துணியைச் சுருட்டி உட்புறம் முழுக்க ஓட்டினால், முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும்.

ஊருக்கு ஊர் பஞ்சர் கடை இருக்கிறதே என்ற நம்பிக்கை பாதிதான் சரி. ஒட்டுப் போடுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தும் காற்றுக் குழாய் அங்கே இருக்காது. பித்தளையில் சின்ன அடாப்டர் ஒன்று விற்கிறது. அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ரிம்மில் இடம் இருந்தால் பைக் டியூபில் வருவது போன்ற ஷ்ரேடர் வால்வு டியூபுக்கே மாறிவிடலாம். பிறகு எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். டயர் விஷயமோ இன்னும் மோசம். கிராமத்துக் கடையில் தொங்கும் 28 அங்குல டயர் பழைய கறுப்பு சைக்கிளுக்கானது. அது உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். நம்முடைய கியர் சைக்கிளில் வரும் 700சி அளவுச் சக்கரத்துக்கு 622. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் நிற்காது. பல நாள் பயணத்துக்கு மடக்கு டயர் ஒன்றும், உங்கள் பின்சக்கர அளவுக்கே வெட்டிய ஸ்போக் கம்பிகள் இரண்டும் கூடவே இருக்கட்டும். சுமை ஏற்றிய சைக்கிளில் முதலில் ஒடிவது பெரும்பாலும் பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கத்துக் கம்பி.

கியரைப் பற்றி ஒன்றே ஒன்று. மேட்டின் நடுவில் செயின் இறுகிய பிறகு மாற்றாதீர்கள். மேடு தொடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள். முழங்கால் உங்களுடையது.

இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பறப்பதுதான் உண்மையிலேயே ஆபத்தான தவறு. இந்த நிலத்தில் இறக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஓர் ஓடையும் ஓர் ஊரும் இருக்கும். ஊர் என்றால் வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை, குறுக்கே வரும் ஆடுகள், துரத்த நேரம் பார்க்கும் நாய். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வீட்டுக் கூரைகள் கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தாலே போதும். பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும்.

சாப்பாட்டில் நடப்பது நேரத் தவறு. காலை டிபன் பத்தரைக்கு முடியும், மதியச் சாப்பாடு மூன்றுக்கு முடியும், அதன்பின் சாயங்காலம் வரை சிறிய ஊர்களில் டீயும் பேக்கரிப் பண்டமும்தான். பசித்த பிறகு கடை தேடுவது வீண். மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு கடலை மிட்டாயும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் நடுவில் உப்புப் போட்ட மோர் குடியுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகும் உப்பை அது மட்டும் ஈடுகட்டாது.

கடைசியாக, 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று மலை ஏறுவது. ஆழியாறு வரை சுகமாக வந்தவர்களுக்கு வால்பாறை ஆசை வரும். அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அது வேறு பயணம், வேறு கியர், வேறு நாள். வழி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு போகும் சாலையும் யானை நடமாட்டம் உள்ள காட்டுச் சாலைதான். இரண்டிலும் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. சைக்கிளை விடுவார்களா, எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்பதை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் சாவடிக்குப் போய்க் கெஞ்சுவதைவிட, அடிவாரத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டு விடிந்ததும் கேட்பது மேல்.