பிக்கப் டிரக்குக்கு மஃப்ளர் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஹைவேயில் கேளுங்கள்

நம் ஊரில் சைலன்சர், அமெரிக்காவில் மஃப்ளர். நான் ஹியூஸ்டன் பக்கம் ஓட்டுவது 2014 செவ்ரோலே சில்வராடோ, 5.3 லிட்டர் வி8. வாங்கிய மூன்றாம் மாதமே, கம்பெனி மஃப்ளரின் அடக்கமான சத்தம் பிடிக்காமல், ஒரு யூடியூப் வீடியோவை நம்பி வேறொன்றை மாட்டினேன். வாசலில் ஸ்டார்ட் செய்தபோது மெய்சிலிர்த்தது. அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு சான் அன்டோனியோ கிளம்பினோம். ஐ-10 சாலையில் 70 மைல் வேகம் பிடித்ததும் கேபின் முழுக்க ஒரே 'ம்ம்ம்ம்'. கேட்டி ஊரைத் தாண்டுவதற்குள் மனைவி கேட்டுவிட்டாள்: "என்னங்க, மாவு மில்லுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு?"

அந்த 'ம்ம்ம்'முக்கு இங்கே டிரோன் என்று பெயர். மஃப்ளர் தேர்வில் முக்கால்வாசி இந்த டிரோனைத் தவிர்ப்பதுதான். மீதிதான் ரசனை.

படி 1: உங்கள் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை. நீங்கள் வழக்கமாகப் போகும் ஹைவே வேகத்தில், டாப் கியரில், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு என்று பாருங்கள். என் வண்டியில் 70 மைலில் சுமார் 1,700.

எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை எரிப்பு நடக்கும். 1,700-ஐ 60-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 113 அதிர்வு. வி6 என்றால் 3-ஆல் பெருக்க வேண்டும். மணிக்கணக்கில் உங்கள் காதில் விழப் போகும் சுருதி இதுதான். கேபினும் இதற்கு ஒத்து அதிர்ந்தால் தலைவலி நிச்சயம்.

சில்வராடோக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எரிபொருள் மிச்சம் பிடிக்க, லோடு குறையும்போது எஞ்சின் நான்கு சிலிண்டர்களை நிறுத்திவிடும். ராம் டிரக்கின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. அப்போது 113 பாதியாகி 57 ஆகும். அவ்வளவு கீழான சத்தத்தைச் சாதாரண மஃப்ளர் தடுப்பது கடினம். என்னை மாவு மில்லில் உட்கார வைத்தது இதுதான் என்று பிறகுதான் புரிந்தது.

ஃபோர்டு எஃப்-150-ல் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் வி6 எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டர்போக்கள் பாதிச் சத்தத்தை முன்பே விழுங்கிவிடும். எந்த மஃப்ளர் போட்டாலும் வி6, வி8 ஆகாது.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வெளியே எல்லாமே தகர டப்பாதான். வித்தியாசம் வயிற்றுக்குள்.

*அறை வகை.* உள்ளே தகடுகள் வைத்து அறைகளாகத் தடுத்திருப்பார்கள். சத்தம் தகட்டில் மோதித் திரும்பி, எதிரே வரும் சத்தத்தைத் தானே அடக்கும். பழைய மஸில் கார்களின் முரட்டு உறுமல் வேண்டும் என்றால் இது. ஃப்ளோமாஸ்டர் 40 சீரிஸ் இதில் பிரபலம். உடல் நீளம் 13 அங்குலம்தான். அதே கம்பெனியின் 50, 70 சீரிஸ்கள் இன்னும் அமைதியானவை. குட்டையான அறை வகை மஃப்ளரை நீளக் கேபின் டிரக்கில் போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

*நேர்வழி வகை.* நடுவில் துளையிட்ட குழாய் ஒன்று நேராகப் போகும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகு இழையோ அடைத்திருக்கும். மேக்னாஃப்ளோ, போர்லா எல்லாம் இந்த வழிதான். கீச்சுச் சத்தத்தை இழை உறிஞ்சிக்கொள்ளும், கனமான அடிக்குரல் மட்டும் வெளியே வரும். புகைக்கும் தடை குறைவு. நாளாக ஆக இழை எரிந்து கொட்டும், சத்தம் ஏறும். மலிவான சரக்கில் இது சீக்கிரமே நடக்கும்.

*டர்போ வகை.* உள்ளே குழாய் எஸ் வடிவில் மடங்கி வரும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், உங்கள் எஞ்சினில் டர்போ இருக்க வேண்டிய அவசியமில்லை. 1960களில் டர்போ எஞ்சினோடு வந்த செவ்ரோலே கார்வேரின் மஃப்ளரை மற்ற வண்டிகளிலும் மாட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கம்பெனி மஃப்ளரைவிட ஒரு படி கூடுதல் சத்தம் போதும் என்பவர்களுக்கு ஏற்றது.

*கிளாஸ்பேக்.* நேர்வழி வகையின் ஒல்லித் தம்பி. செர்ரி பாம் என்ற சிவப்புக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். விலை குறைவு, சத்தம் அதிகம். அக்கம்பக்கத்தாரோடு உறவு முக்கியம் என்றால் விட்டுவிடுங்கள்.

முதல் டிரக், நீண்ட பயணம், பின்சீட்டில் குழந்தைகள் என்றால் என் ஓட்டு நேர்வழி வகைக்கு. அதிலும் 18 அங்குலத்துக்கு மேல் நீளமான உடலாகப் பார்த்து எடுங்கள். உடல் நீள நீளச் சத்தம் அடங்கும். இடம் இருக்கும்வரை நீளமாகவே வாங்கலாம்.

படி 3: அளவெடுங்கள்

வண்டி ஆறிய பிறகு, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டுவிட்டு அடியில் போங்கள். குழாயின் வெளிவிட்டம், பழைய மஃப்ளரின் நீளம், அகலம், உயரம், புகை நுழையும் துளையும் வெளியேறும் துளையும் நடுவில் உள்ளனவா ஓரத்தில் உள்ளனவா, எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுத் துளைக்குப் பதில் ஓரத் துளை மஃப்ளர் வாங்கி வந்தவர்கள் குழாயை வெட்டி வளைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டிருக்கிறேன். இந்த எஞ்சின்களுக்கு 3 அங்குலக் குழாய் தாராளம்.

படி 4: காதால் கேளுங்கள், போனில் அல்ல

வீடியோவில் கேட்கும் சத்தம் பொய் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அது வேறு சத்தம். போன் மைக் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும். 57 அதிர்வை உங்கள் போன் ஸ்பீக்கர் சுத்தமாகக் காட்டாது. பெரும்பாலான வீடியோக்கள் வண்டிக்குப் பின்னால் நின்று எடுத்தவை. நீங்கள் உட்காரப் போவது உள்ளே. உங்கள் மாடலையே வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, ஹைவேயில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். எஞ்சின், கேபின் நீளம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 5: எதைத் தொடக்கூடாது

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தொடாதீர்கள். அதைக் கழற்றுவது அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படி குற்றம். அதற்குப் பின்னால் உள்ளதைத்தான் மாற்றலாம். டெக்ஸஸ் சட்டம் ஒழுங்காக வேலை செய்யும் மஃப்ளர் இருக்க வேண்டும் என்கிறது. புகையை மஃப்ளருக்குள் போகாமல் திருப்பிவிடும் கட்அவுட் கூடாது. கலிபோர்னியாவில் எல்லோரும் சொல்லும் 95 டெசிபல் வரம்பு, மொத்த எடைத் தகுதி (வண்டியும் சுமையும் சேர்த்து) 6,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகளுக்கானது. பெரிய பிக்கப்கள் பல அதைத் தாண்டிவிடும். அதற்காக அங்கே என்ன சத்தம் வேண்டுமானாலும் போடலாம் என்று அர்த்தமில்லை.

உலோகத்தைப் பற்றி ஒரே வரி: பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலத்தில் இருந்தால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் 409 ரகம் போதும்.

படி 6: மாட்டுதல்

வெல்டிங் தெரியாதவர்கள் கிளாம்ப் போடலாம். யு-போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கும், அடுத்த முறை கழற்றும்போது அழுவீர்கள். பட்டை கிளாம்ப் வாங்குங்கள். குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர் வரவில்லையா, சோப்புத் தண்ணீர் தடவி இழுங்கள். முனைக்குழாய் கேபினைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். அடியிலேயே விட்டால் சத்தத்தோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும்.

இவ்வளவுக்கும் பிறகு டிரோன் வந்தால் இரண்டு வழி. குழாயில் பக்கவாட்டாக, ஒரு முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை வெல்டு செய்வார்கள். புகை சூடாக இருப்பதால் அதில் ஒலி நொடிக்கு 450 மீட்டர் அளவில் ஓடும். அதைச் சுருதியின் நான்கு மடங்கால் வகுத்தால் நீளம் வரும்: 113-க்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். 57-க்கு இரண்டு மீட்டர், டிரக் அடியில் அதற்கு இடம் தேடுவது பெரும்பாடு. அதனால் நான் இரண்டாம் வழியாக, ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கோளாறு பார்க்கும் சாக்கெட்) செருகும் சிறு கருவியை வாங்கினேன். எஞ்சின் நான்கு சிலிண்டருக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளும். மைலேஜ் சற்றுக் குறையும். மஃப்ளரையும் நீளமான நேர்வழி வகைக்கு மாற்றினேன். இப்போது சான் அன்டோனியோ வரை ரேடியோ கேட்கிறது.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது புதுக் குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணெய் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம். நூறு மைல் ஓடியதும், வண்டி நன்றாக ஆறிய பிறகு, எல்லாக் கிளாம்ப் நட்டுகளையும் ஒரு சுற்று மறுபடி இறுக்கிவிடுங்கள்.